நிரம்பியவை 13 பெட்டிகளா, 3 பெட்டிகளா?

கேள்வி: நாங்கள் 13 பேர் வேலை பார்க்கும் சிறிய விற்பனை நிறுவனம். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் மெயில், இன்டர்நெட், பிரிண்டர் எல்லாம் என் தலையில் விழுந்துவிட்டன. எங்கள் மெயில், வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்தது. மொத்தம் 13 முகவரிகள், ஒரு முகவரிக்கு 5 ஜிபி இடம். போன மாதத்திலிருந்து 'மெயில்பாக்ஸ் ஃபுல்' என்ற எச்சரிக்கை ஓயவில்லை. ஆர்டர் அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டதாக இரண்டு வாடிக்கையாளர்கள் போனில் சொன்னார்கள். ஹோஸ்டிங் நிறுவனம் எல்லா முகவரிகளையும் அடுத்த திட்டத்துக்கு மாற்றச் சொல்கிறது. செலவு மூன்று மடங்கு. முதலாளியோ, 'ரெண்டு வருஷத்துக்கு முந்தையதை எல்லாம் அழிச்சிடு, கம்ப்யூட்டருக்கு இன்னும் எவ்வளவுதான் கொட்டுறது' என்கிறார். விற்பனைப் பிரிவில் ஒருவர், இலவச ஜிமெயில் ஒன்றுக்கு எல்லாவற்றையும் திருப்பிவிடலாம் என்கிறார். எதைச் செய்வது? அடுத்த வருட பட்ஜெட்டில் இதற்கு எவ்வளவு கேட்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று மூவரில் ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நீங்கள் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

நிரம்பிய பெட்டிக்கு மெயில் வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். 'இப்போது முடியாது, பிறகு வா' என்று உங்கள் சர்வர் தற்காலிகமாக மறுக்கலாம். அப்போது அனுப்பியவரின் சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அல்லது ஒரேயடியாக மறுத்துவிடலாம். அப்போது மெயில் உடனே திரும்பிப் போகும். எது நடந்தாலும் தோல்விச் செய்தி போவது அனுப்பியவருக்குத்தான், உங்களுக்கு அல்ல. இரண்டு பேர் போன் செய்து சொன்னார்கள் என்றால், சொல்லாமல் வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. எனவே முதலில் ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, நிராகரிக்கப்பட்ட மெயில்களின் பட்டியலை எடுங்கள். சிபேனல் என்றால் 'ட்ராக் டெலிவரி' என்ற பகுதியில் இருக்கும். வேறு பேனல் என்றால் சப்போர்ட்டுக்கு எழுதி, கடந்த சில நாட்களில் இடமில்லாமல் மறுக்கப்பட்டவற்றின் லாக் (சர்வர் எழுதி வைக்கும் பதிவு) வேண்டும் என்று கேளுங்கள். பழைய லாக்குகள் சீக்கிரம் அழிந்துவிடும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். பட்டியலில் இருக்கும் வாடிக்கையாளர்களை விற்பனைப் பிரிவு போனில் கூப்பிடட்டும்.

அடுத்து, நிரம்பிய பெட்டிகளில் ட்ராஷ், ஸ்பாம் இரண்டையும் காலி செய்யுங்கள். 'நான்தான் டெலீட் செய்துவிட்டேனே' என்பார்கள். டெலீட் செய்தது ட்ராஷில் உட்கார்ந்துகொண்டு அதே 5 ஜிபியைத்தான் தின்கிறது. காலி செய்யச் சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: ட்ராஷையே ஃபோல்டர் போலப் பயன்படுத்தி, முக்கியமானவற்றை அங்கே பத்திரமாக வைத்திருப்பவர்கள் நிஜமாகவே உண்டு. இவ்வளவு செய்தாலே சில நாட்கள் மூச்சு விடலாம்.

இப்போது முதலாளியின் யோசனை. அவருடைய எரிச்சல் நியாயம்தான். ஆனால் வயதைப் பார்த்து அழிப்பது தப்பான அளவுகோல். வெறும் எழுத்தாக இருக்கும் மெயில் பத்து இருபது கேபிதான் வரும். ஸ்கேன் செய்த 10 எம்பி ஃபைல் ஒன்றை எடுத்தால் அப்படிப்பட்ட மெயில்கள் பல நூறு அழித்ததற்குச் சமம். 'விலையை ஒப்புக்கொள்கிறேன்', 'சரக்கு சேதமாக வந்தது, மாற்றித் தருகிறோம்' என்ற இரண்டு வரி மெயில்கள்தான் பிற்காலத்தில் ஒரு தகராறில் உங்களைக் காப்பாற்றும். அவை எடுத்துக்கொள்ளும் இடமோ ஒன்றுமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்தையதை அழித்தால் மதிப்புள்ளது போகும், போன மாதம் வந்த பெரிய பெரிய ஃபைல்கள் அப்படியே இருக்கும், ஆறு மாதத்தில் பெட்டி மறுபடியும் நிரம்பும். இதோடு வரி, ஒப்பந்தம், சம்பளம் தொடர்பான ஆவணங்களை இத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் உண்டு. அது பெரும்பாலும் இரண்டு வருடத்தைவிட அதிகம். எதையும் அழிப்பதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் அந்தக் காலவரையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதலாளியின் கேள்விக்கு ஆடிட்டர் பதில் சொல்லிவிட்டால் உங்களுக்கும் வாதாடும் வேலை மிச்சம்.

ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் யோசனையை அதிக நேரம் பேச வேண்டாம். இலவசக் கணக்கின் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் அல்ல. டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். கணக்கு அந்த ஊழியரின் பெயரில் இருந்தால், அவர் போனில் உள்ள குடும்பப் படங்கள் நிரம்பும்போது உங்கள் ஆர்டர் நிற்கும். ஃபார்வர்டு செய்யப்படும் மெயில் அசல் அனுப்புநரின் சர்வரிலிருந்து வராததால் எஸ்பிஎஃப் சோதனையில் (அனுப்பிய சர்வருக்கு அந்த முகவரியிலிருந்து அனுப்ப அனுமதி உண்டா என்று பார்ப்பது) தோற்று ஸ்பாமுக்குப் போகவும் வாய்ப்பு அதிகம். அவர் வேலையை விட்டுப் போனால் உங்கள் வாடிக்கையாளர் கடிதங்களும் அவரோடு போகும். வேண்டாம்.

சரி, அளப்பதற்கு வருவோம். கன்ட்ரோல் பேனலில் ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே பயன்படுத்திய அளவு இருக்கும். 13 முகவரிகளையும் ஒரு எக்செல் ஷீட்டில் எழுதி, பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்குங்கள். சிறு அலுவலகங்களில் நான் பார்த்தவரை இந்தப் பட்டியல் ஒரே மாதிரிதான் வரும்: விற்பனைக்கான பொது முகவரி, கணக்குப் பிரிவு, முதலாளி. இந்த மூன்றும் நிரம்பி வழியும், மீதி பாதிகூட நிரம்பியிருக்காது. உங்களுடையதும் அப்படி இருந்தால், 13 முகவரிக்கும் பெரிய திட்டம் வாங்கச் சொல்வது 10 முகவரிகளின் காலி இடத்துக்கு வாடகை கொடுப்பதுதான். ஹோஸ்டிங் திட்டங்களில் இன்னொரு பொறியும் உண்டு. மொத்த இடத்தைத் தவிர ஃபைல்களின் எண்ணிக்கைக்கும் பல இடங்களில் வரம்பு வைத்திருப்பார்கள். பெரும்பாலான சர்வர்களில் ஒரு மெயில் என்பது ஒரு ஃபைல். ஜிபி மீதம் இருக்கும்போதே 'இடமில்லை' என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நிரம்பிய மூன்றையும் திறந்து, மெயில்களை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். அவுட்லுக், தண்டர்பேர்டு இரண்டிலும் அந்த வசதி உண்டு. கை வைத்தால் பலன் தரும் இடங்கள் சில உடனே கண்ணில் படும்.

ஒன்று, ஸ்கேன். யாரோ ஒரு நாள் ஸ்கேனரை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), கலர் என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கையெழுத்து போட்ட ஒரு டெலிவரி ரசீதுக்கு அவ்வளவு தேவையே இல்லை. 300 டிபிஐக்கு மாற்றினால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகிவிடும். கலரையும் எடுத்துவிட்டால் இன்னும் குறையும். எழுத்து தெளிவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று யாரும் கவனிக்காதது: மெயிலின் அடியில் வரும் லோகோ. டிசைனர் கொடுத்த 300 கேபி படத்தை அப்படியே கையொப்பத்தில் ஒட்டியிருப்பார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு 40 மெயில் அனுப்பினால் 12 எம்பி. வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 3 ஜிபி. அதோடு முடியவில்லை. மெயிலில் போகும் எந்தப் படமும் ஃபைலும் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்யும்; அந்த மாற்றத்தில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 பைட்டாகிறது. ஆக அந்த 3 ஜிபி, சென்ட் ஃபோல்டரில் 4 ஜிபி. உங்கள் பெட்டியே 5 ஜிபிதான்! 25 எம்பி வரை அனுப்பலாம் என்று போட்டிருக்கும் இடத்தில் 20 எம்பி ஃபைல் சில சமயம் போக மறுப்பதும் இந்த மாற்றத்தால்தான். லோகோவை 10 கேபிக்குச் சுருக்கினால் போதும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அப்புறம் 'சிசி' வியாதி. 8 எம்பி விலைப்பட்டியலை உள்ளே இருக்கும் ஆறு பேருக்கு மெயிலில் அனுப்பினால் ஆறு இன்பாக்ஸ், ஒரு சென்ட் ஃபோல்டர் என்று ஏழு பிரதிகள், 56 எம்பி. அதில் ஒரு விலை மாறி மறுபடி அனுப்பினால் இன்னொரு 56. உள்ளே இருப்பவர்களுக்கு ஃபைலை அனுப்பாதீர்கள். பொதுவான ஒரு ஃபோல்டரில் போட்டு, இருக்கும் இடத்தைச் சொன்னால் போதும். ஆனால் இதையே வெளியாட்களுக்கும் விதியாக்கிவிடாதீர்கள். இன்வாய்ஸ், கோட்டேஷன், ஒப்பந்தம் ஆகியவற்றை வாடிக்கையாளருக்கு ஃபைலாகவே அனுப்புங்கள். லிங்க் ஒரு நாள் செத்துப்போகும், அல்லது அவர்கள் அலுவலகத்தில் திறக்காது. எந்தத் தேதியில் எதை அனுப்பினோம் என்பதற்கு ஃபைலோடு கூடிய மெயில்தான் நல்ல சாட்சி.

எல்லாவற்றையும் மெயிலிலேயே சேர்த்துவைக்கும் பழக்கம் எல்லோருக்கும் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபியோடு வந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது ஹாட்மெயில் இலவசமாகக் கொடுத்தது 2 எம்பி. தேதியைப் பார்த்துப் பலர் முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள். இனி எதையும் அழிக்க வேண்டாம், தேடினால் கிடைக்கும் என்ற எண்ணம் அங்கே தொடங்கி, மெயில்பாக்ஸே அலுவலகத்தின் பீரோவாகிவிட்டது. உங்கள் ஊழியர்கள் அந்த எண்ணத்தோடு 5 ஜிபி பெட்டியில் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான்.

பெரிய ஃபைல்களை எடுத்த பிறகும் பழைய மெயில்களைத் தனியாகச் சேமிக்க வேண்டியிருக்கும். தண்டர்பேர்டில் இணைப்பை மட்டும் கழற்றி வெளியே வைத்துவிட்டு மெயிலை அப்படியே விட முடியும். அவுட்லுக்கிலும் முடியும். பெட்டி ஐமேப் முறையில் (கம்ப்யூட்டர், போன் எல்லாம் சர்வரில் உள்ள அதே பெட்டியைக் காட்டும் முறை) இணைந்திருந்தால் இங்கே அழிப்பது சர்வரிலும் அழியும், மற்ற கம்ப்யூட்டரிலும் போனிலும் அழியும். எனவே முதலில் நகல், அந்த நகல் திறக்கிறதா என்று சோதனை, அதன் பிறகுதான் அழிப்பு. அவுட்லுக் மெயில்களைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைலில் வைப்பதானால் வருடத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரியுங்கள். இப்போதைய பதிப்புகளில் ஒரு ஃபைல் 50 ஜிபி வரை போகும். அதற்காக அங்கே வரை கொண்டுபோகாதீர்கள், கெட்டால் மொத்தமாகக் கெடும். நெட்வொர்க் டிரைவில் வைத்து அங்கிருந்தே திறந்து வேலை செய்யவும் கூடாது. பிஎஸ்டி அதற்காக உருவானது அல்ல, உடைந்துபோகும். ஒரு நகல் அலுவலகத்தில், ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே. ஒரே ஒருவரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கும் பழைய மெயிலை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி வாங்குவதைப் பற்றி. உங்கள் 13 முகவரிகளில் எத்தனை உண்மையில் ஆட்கள்? விற்பனை, விசாரணை, வேலைவாய்ப்பு என்று நாலைந்து பொது முகவரிகள் இருந்தால் அவற்றுக்குத் தனி லைசென்ஸ் தேவைப்படாமல் போகலாம். கட்டண அலுவலகச் சேவையான மைக்ரோசாஃப்ட் 365இல் 'ஷேர்டு மெயில்பாக்ஸ்' ஒன்று 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் இல்லாமல் இயங்கும். அதைத் திறக்கும் ஆட்களுக்கு மட்டும் லைசென்ஸ் இருந்தால் போதும். ஆளுக்கு ஆள் வேறு திட்டம் கொடுக்கவும் அங்கே முடியும். கூகுளின் கட்டண அலுவலகச் சேவையான வொர்க்ஸ்பேஸின் பிசினஸ் திட்டங்களில் இடம் மொத்தமாகக் கணக்கிடப்படுகிறது: ஸ்டார்ட்டர் திட்டத்தில் ஆளுக்கு 30 ஜிபி என்றால் 10 பேருக்கு 300 ஜிபி, அதில் ஒருவர் அதிகமாகவும் ஒருவர் குறைவாகவும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று பெட்டிகள் மட்டும் வீங்கியிருக்கும் அலுவலகத்துக்கு இது பொருந்தும். உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடமும் கேளுங்கள், மூன்று முகவரிக்கு மட்டும் இடத்தைக் கூட்ட முடியுமா என்று. 'எல்லோரும் ஒரே திட்டத்தில்தான் இருக்க வேண்டும்' என்பது சில இடங்களில் தொழில்நுட்பம், சில இடங்களில் வெறும் விற்பனைப் பேச்சு.

என்னைக் கேட்டால் மெயிலை வெப்சைட் ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்துவிடுங்கள் என்பேன். இடம் போதாது என்பதைவிட எனக்குப் பெரிய காரணம், வெப்சைட்டுக்குள் யாராவது புகுந்து ஸ்பாம் அனுப்பத் தொடங்கினால் அதே சர்வரில் இருக்கும் உங்கள் மெயிலும் மற்ற சர்வர்கள் ஏற்க மறுக்கும் கருப்புப் பட்டியலில் சேரலாம். மாறும்போது பழைய கணக்கை உடனே ரத்து செய்யாதீர்கள். எல்லா மெயிலும் நகலாகி, எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்ற குறிப்பு) மாறி, புது இடத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயிலோடு போகும் டிஜிட்டல் கையொப்பம்) போட்டு, ஒரு மாதம் ஓடிய பிறகு ரத்து செய்யலாம்.

பட்ஜெட்டுக்கு எவ்வளவு கேட்பது என்பதற்கு நான் ஒரு தொகை சொன்னால் அது ஏமாற்று. ஆனால் கேட்கும் விதம் சொல்ல முடியும். ஒரு ஷீட்டில், நிறுவனம் பணம் கட்டும் எல்லா கம்ப்யூட்டர் சமாச்சாரத்தையும் எழுதுங்கள்: பெயர், எத்தனை பேருக்கு, வருடத் தொகை, ரினீவல் தேதி, யார் பெயரில் இருக்கிறது, யாருடைய கார்டில் பணம் போகிறது. முதல் வரி டொமைன், அதாவது உங்கள் வெப்சைட், மெயில் முகவரிகளில் வரும் இணையப் பெயர். அதன் வருடச் செலவு மிகக் குறைவு, காலாவதியானால் மெயில், வெப்சைட் இரண்டும் நின்றுவிடும். அது வெப்சைட் செய்துகொடுத்தவரின் பெயரில் இருப்பது தெரியவந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள். இந்த ஷீட்டை எழுதும்போதே, போனவர்களின் பெயரில் இன்னும் ஓடும் லைசென்ஸ், யாரும் திறக்காத சாப்ட்வேர் என்று ஒன்றிரண்டு வெளியே வரும். அவற்றை நிறுத்தினால் மிச்சமாவதே மெயில் செலவில் ஒரு பகுதியைத் தாங்கலாம். ஆனால் போனவரின் கணக்கை மூடுவதற்கு முன் மெயிலை நகல் எடுத்துவிடுங்கள். நீக்கிய கணக்கைத் திரும்பப் பெற கூகுளில் 20 நாள், மைக்ரோசாஃப்டில் 30 நாள்தான் அவகாசம்.

அடுத்த வரி மெஷின்கள். 13 கம்ப்யூட்டர், ஒன்றின் ஆயுள் ஐந்து வருடம் என்று வைத்தால் வருடத்துக்கு இரண்டோ மூன்றோ மாற்ற வேண்டும். இதை வருடாவருடம் எழுதி வைக்காத அலுவலகங்களில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோது பல சிறு நிறுவனங்கள் இதைத்தான் பார்த்தன. 'இன்னும் எவ்வளவு கொட்டுறது' என்று உங்கள் முதலாளி கேட்பதற்குக் காரணம் தொகை பெரியது என்பதைவிட, அது எப்போதும் திடீரென்று வருவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெயிலுக்கு மட்டும் அவரிடம் இரண்டு எண்ணைக் காட்டுங்கள். மூன்று பெட்டிகளை மட்டும் பெரிதாக்கினால் வருடத்துக்கு ஆகும் கூடுதல் செலவு ஒன்று. பணமே தராமல் எல்லோரும் மாதம் ஒரு மணி நேரம் மெயில் சுத்தம் செய்தால் ஆகும் 13 மணி நேரச் சம்பளம், பன்னிரண்டு மாதத்துக்கு, இன்னொன்று. இரண்டாவது எண் பெரியதாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஸ்கேனர், லோகோ, சிசி மூன்றையும் சரிசெய்வது ஒரு தடவை வேலை, அதைச் செய்யுங்கள். அதற்கு மேல் ஊழியர்களை உட்கார வைத்து மெயில் பொறுக்க விடுவது சிக்கனமே அல்ல.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்த வேலை உங்கள் தலையில் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத்தில் இத்தனை மணி நேரம் இதற்கு என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்குங்கள். பட்ஜெட் ஷீட்டில் அதையும் ஒரு வரியாகச் சேருங்கள். அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டாவதாக ஓர் அட்மின் கணக்கு உருவாக்கி, அதை முதலாளியிடம் சீல் வைத்த கவரில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் லீவு போட்ட முதல் நாளே போன் வரும்.